கைநாட்டும் கணக்கு நோட்டும்: நம்ம மாவட்டத்துப் பெண்கள் படித்த கதை



இந்த மலருக்குப் பழைய போட்டோ ஏதாவது தேறுமா என்று போன மாதம் கூட்டமைப்பு பீரோவைக் குடைந்தோம். போட்டோ இரண்டு மூன்றுதான் கிடைத்தது. அடித்தட்டில் ஓரமெல்லாம் செல்லரித்த ஒரு தீர்மான நோட்டு இருந்தது. எங்க ஊர்க் குழுவின் முதல் நோட்டு, 1998-ல் எழுதியது. பிரித்துப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. உறுப்பினர்கள் 16 பேர். அதில் 9 பேர் கைநாட்டு. ஊதா மை வட்டம் வட்டமா, பக்கம் முழுக்க அப்பியிருக்கிறது.

வருத்தம் எதற்கென்றால், நம்ம புதுக்கோட்டை மாவட்டம் 1992-லேயே முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு ஆறு வருஷம் கழித்து இத்தனை கைநாட்டு. அந்த 9 பேரில் இரண்டு பேருக்கு அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் அ, ஆ சொல்லிக் கொடுத்தவளே நான்தான். அப்போ படித்ததெல்லாம் எங்கே போனது? இந்தக் கேள்விதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. கொஞ்சம் பழைய கதையும் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

படிப்புக்கும் நம்ம ஊருக்கும் உள்ள உறவு வேடிக்கையானது. இது தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட சமஸ்தானம். 1948-ல் இந்தியாவோடு இணைந்தது, 1974-ல் தனி மாவட்டமானது. மன்னர் காலத்திலேயே இங்கே கல்லூரி இருந்தது. மகாராஜா கல்லூரி, ஆம்பளைப் பிள்ளைகளுக்கு. 1886-ல் இதே புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அதில் சேர விண்ணப்பித்தபோது பெரிய எதிர்ப்பு. பொம்பளைப் பிள்ளை வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப் போவார்களாம். மன்னர் சம்மதம் கொடுத்ததால் இடம் கிடைத்தது. 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார், 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். 1927-ல் சென்னை சட்டசபைக்குள் போன முதல் பெண்மணி. பிற்காலத்தில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவானதும் அவரால்தான்.

ஊர் எல்லையில் அவர் பெயரைச் சொல்லி நாம் பெருமைப்படலாம், படவும் வேண்டும். ஆனால் அதே மாவட்டத்தில் 80 வருஷம் கழித்தும் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்குத் தன் கூலிச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. 1991 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் நூற்றுக்கு 51 பேர்தான். அது மாநிலம் முழுக்க எடுத்த சராசரி. மானாவாரி நிலமும் கல்லுப் பாறையுமாகக் கிடந்த நம்ம பக்கத்துக் கிராமங்களின் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கண்மாய் நிரம்பினால் நடவு, களையெடுப்பு. நிரம்பாவிட்டால் கல்லுடைக்கப் போக வேண்டியது. அதுதான் அன்றைக்கு நம்ம பெண்களின் வேலைவாய்ப்பு அலுவலகம்.

அந்த நேரத்தில்தான் அறிவொளி இயக்கம் வந்தது. 1988-ல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990-ல் கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு கண்டது. அந்தச் சூடு இங்கேயும் பரவியது. நம்ம மாவட்டத்துக்கு அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்களும், வாத்தியார்களும், வேலையில்லாத இளவட்டங்களும் சேர்ந்து தெருத்தெருவாக நாடகம் போட்டார்கள், பாட்டுப் பாடினார்கள். நான் ப்ளஸ் டூ-வில் ஒரு பாடம் கோட்டடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். 'சும்மாதானே இருக்கே, போய்ச் சொல்லிக்கொடு' என்று எங்க அப்பா அனுப்பிவிட்டார். சம்பளம் கிடையாது. தொண்டர் என்று பெயர்.

எனக்கு இன்னும் மறக்காத விஷயம் அந்தப் பாடப் புத்தகம். பள்ளிக்கூடத்தில் மாதிரி 'அம்மா, ஆடு' என்று தொடங்கவில்லை. 'பட்டா' என்று தொடங்கியது. நிலப் பட்டா! முதல் நாள் அந்தச் சொல்லைப் பலகையில் எழுதியதும் ஒரு அப்பத்தா கேட்டது: "ஏத்தா, இதை எழுதத் தெரிஞ்சா பட்டா தந்துருவாகளா?" எல்லோரும் சிரித்தோம். இப்போது யோசித்தால் அது சிரிக்கிற கேள்வி இல்லை. படித்தால் என்ன கிடைக்கும் என்று நேராகக் கேட்ட கேள்வி. பெரிய பெரிய நிபுணர்கள் கூட்டம் போட்டுப் பேசுவதும் இதைத்தான்.

சில இடங்களில் அந்தக் கேள்விக்கு உண்மையாகவே பதில் கிடைத்தது. குடுமியான்மலைப் பக்கத்துக் கல்குவாரிகள் அப்படி ஒரு இடம்.

குவாரியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று மூத்த அக்காக்களுக்குத் தெரியும், இளையவர்களுக்காகச் சொல்கிறேன். பாறை அரசாங்கத்துடையது. குத்தகை எடுப்பது ஒப்பந்தக்காரர். உடைப்பது நம்ம பெண்கள். கூலி லோடு கணக்கு. லோடு எவ்வளவு, எத்தனை லோடு போனது என்று எழுதுவது ஒப்பந்தக்காரரின் ஆள். முன்பணம் வாங்கியிருந்தால் அதை எப்போது கழித்தார்கள், எவ்வளவு மிச்சம் என்பதும் அவர் நோட்டில்தான் இருக்கும். கடன் தீரவே தீராது. அடுத்த தலைமுறையும் அதே பாறைக்கு வந்து நிற்கும்.

அந்தக் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விடுவது என்று மாவட்ட நிர்வாகம் முடிவெடுத்தது. எழுத்துப் படிப்பும் குத்தகையும் ஒரே சமயத்தில் வந்ததுதான் இதில் விசேஷம். குத்தகை கையில் இருந்தால் மட்டும் போதாது. லாரிக்கு நடைச்சீட்டு எழுத வேண்டும். எத்தனை நடை போனது என்று குறிக்க வேண்டும். அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியதைக் கட்டி ரசீது வாங்க வேண்டும். ரசீதில் உள்ள எண்ணும் கொடுத்த பணமும் சரியா என்று பார்க்க வேண்டும். இவ்வளவையும் செய்ய ஒப்பந்தக்காரரின் ஆளையே கூப்பிட்டால் குத்தகை பேருக்குத்தான் நம்மது. எழுத்து தெரிந்த இடத்தில் கூலி ஏறியது, கடன் குறைந்தது, பிள்ளைகள் குவாரிக்கு வராமல் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அதற்காக ஒப்பந்தக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். குத்தகையைத் திரும்பப் பிடிக்க எல்லா வழியிலும் முயன்றார்கள். கலெக்டர் மாறினால் காற்றும் மாறும். அது தனிக் கதை.

அடுத்தது சைக்கிள். இதைப் பற்றிப் பேசினால் எனக்கு நேரம் போவதே தெரியாது.

படித்துவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் என்ன பிரயோஜனம், நடமாட்டமும் படிப்பில் ஒரு பகுதிதான் என்று அறிவொளியில் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். சைக்கிள் பழகச் சொல்லித் தங்கச்சிகளைக் கூப்பிடும் பாட்டு ஒன்றுகூட இருந்தது, அன்றைக்கு ஊரெல்லாம் அதுதான் ஒலித்தது. வாங்குவதற்கு வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார்கள். 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் போனதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மில் இருக்கிறார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார்.

முதலில் ஊர் சும்மா விடவில்லை. டீக்கடை வாசலில் விசில், கேலி. சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு ஏறுகிற பெண்ணைப் பார்த்து என்னென்ன பேசினார்கள் என்பதை மலரில் எழுத முடியாது. லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோனபோது பார் வைத்த ஆம்பளை சைக்கிளையே வாங்கினோம். அதிலும் ஒரு லாபம் இருந்தது. முன்னால் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம், பின்னால் கேரியரில் தண்ணிக் குடம்.

சைக்கிளால் காசு எப்படி வந்தது? பஸ் ஒரு நாளைக்கு இரண்டு நடை வந்த ஊரில், கத்தரிக்காயும் பூவும் விற்கிறவள் பஸ்ஸுக்காகக் காத்திருந்தால் பாதி நாள் போச்சு. காத்திருக்க முடியாதவள் ஊருக்குள் வரும் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுவாள். சைக்கிள் இருந்தவள் காலையில் சந்தைக்கே போய் விற்றுவிட்டு, பத்து மணிக்குக் களையெடுப்புக்கு வந்துவிட்டாள். ஒரே நாளில் இரண்டு வருமானம். அங்கன்வாடி டீச்சர், சத்துணவு ஆயா, கிராம நர்ஸ், பட்டை தீட்டப் போன பெண்கள் என்று எல்லோரும் சைக்கிளில்தான் போனார்கள். அடுத்த ஊரில் இருக்கிற வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்பதை அதுவரைக்கும் பஸ் நேரம்தான் முடிவு செய்தது. அதன் பிறகு அவளே முடிவு செய்தாள்.

இப்போது அந்தக் கைநாட்டுக் கேள்விக்கு வருகிறேன். சைக்கிள் பழகிய யாரும் அதை மறக்கவில்லை. எழுத்தைப் பலர் மறந்துவிட்டார்கள். ஏன்? சைக்கிளுக்குத் தினமும் வேலை இருந்தது. எழுத்துக்கு இல்லை. 1992-க்குப் பிறகு எங்க ஊரில் படிப்பதற்கு என்ன இருந்தது? பஸ் போர்டு, ரேஷன் கார்டு, சினிமா போஸ்டர். களத்துமேட்டில் எழுத்துக்கு வேலையே கிடையாது. தொண்டர்களும் கல்யாணமாகிப் போனோம், நான் உட்பட. குவாரிக் கணக்கு எழுதியவள் மறக்கவில்லை, வயல் வேலைக்குத் திரும்பியவள் மறந்தாள். படித்தால் பிழைப்பு வரும் என்கிறோம். பிழைப்பில் இடம் இல்லாத படிப்பு நிற்காது என்பதை நான் அந்த ஊதா மையில்தான் பார்த்தேன்.

எழுத்துக்கு மறுபடியும் வேலை கொடுத்தது நம்ம குழுக்கள்தான். தருமபுரி மாவட்டத்தில் 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதல் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை 500 குழுக்களுக்கென்று சோதனையாக ஆரம்பித்தது. 1997-98-ல் மகளிர் திட்டம் வந்தது. அதற்கு அடுத்த வருஷம் எங்க குழு. வாராவாரம் சந்தா, தீர்மான நோட்டு, சேமிப்பு லெட்ஜர், கடன் லெட்ஜர், தனிநபர் பாஸ்புக். பொம்பளை கையில் இத்தனை நோட்டு அதற்கு முன்னால் எந்த ஊரிலும் இருந்ததில்லை.

இங்கே என் தப்பு ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும். ப்ளஸ் டூ வரைக்கும் போனவள் நான் ஒருத்திதான் என்பதால் ஊக்குநராக என்னையே போட்டார்கள். ஐந்து வருஷம் எல்லா நோட்டையும் நானே எழுதினேன். 'நீங்க கையெழுத்து மட்டும் போடுங்கக்கா, மத்ததை நான் பாத்துக்கிறேன்' என்று சொல்வேன். அன்புக்காகத்தான் சொன்னேன், ஆனால் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இரண்டாவது பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய் நாலு மாதம் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் நோட்டில் ஒரு வரி ஏறவில்லை. பணம் வசூலாகியிருக்கிறது, யார் எவ்வளவு கட்டினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. ஒரு அக்கா அடுப்பங்கரைச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருந்தார். அந்தக் கோடுகளை வைத்துத்தான் பாதிக் கணக்கைச் சரி செய்தோம். கிரேடிங்கில் தேறவில்லை, வங்கிக் கடன் ஒரு வருஷம் தள்ளிப்போனது. அந்தக் கடனை நம்பிக் கறவை மாட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தவர் அந்தப் பணத்தை இழந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு நோட்டு சுற்றிவர ஆரம்பித்தது. மாதம் ஒருத்தர் எழுத வேண்டும், தப்பும் தவறுமா இருந்தாலும் பரவாயில்லை. அதே நோட்டின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள், கைநாட்டு இரண்டாகக் குறைந்திருக்கிறது. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி. ஆனால் ஒரு கணக்கும் விடுபடவில்லை.

நம்ம பெண் பிள்ளைகள் கதை வேறு திசையில் போனது. 1982-ல் சத்துணவு வந்ததும் சோற்றுக்காவது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். 1989-ல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. பெண் எட்டாவது படித்திருந்தால் 5,000 ரூபாய். அஞ்சாவதோடு நிறுத்த இருந்த வீடுகள் 'இன்னும் மூணு வருஷந்தானே' என்று அனுப்பின. பிறகு தகுதி பத்தாவது ஆனது, படிப்பும் பத்தாவது வரைக்கும் நீண்டது. அரசாங்கம் கோடு எங்கே போட்டதோ அங்கே வரைக்கும் நம்ம பிள்ளைகள் நடந்தார்கள்.

கோட்டைத் தாண்டியதும் என்ன? பத்தாவது முடித்த பிள்ளைக்கு ஊரில் வேலை கிடையாது, களையெடுக்கப் போகவும் மனசில்லை. கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூல் மில்களின் தரகர்கள் அந்தப் பிள்ளைகளைத் தேடித்தான் வந்தார்கள். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும் என்றார்கள். சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமாகப் பெயர். உடம்புக்கு முடியாமல் பாதியில் வந்தவர்களுக்கு அந்தத் தொகையும் முழுசாகக் கிடைக்கவில்லை. பத்து வருஷப் படிப்பு, பஞ்சுத் தூசிக்குப் போனது. வந்த பணமும் நகைக்கடைக்குப் போனது, நம்ம ஊர் வியாபாரத்துக்கு வரவில்லை. பெற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பத்தாவதுக்கு ஏற்ற வேலை பத்து மைலில் இருந்திருந்தால் யார் அனுப்பியிருப்பார்கள்?

இப்போது காலம் இன்னும் மாறியிருக்கிறது. உயர்கல்வியில் சேரும் வயதில் இருக்கிற பிள்ளைகளில் நாடு முழுக்க நூற்றுக்கு 28 பேர் கல்லூரியில் சேர்கிறார்கள் என்றால், தமிழ்நாட்டில் 47 பேர். இது 2021-22 கணக்கு. 2022-ல் அந்தத் திருமண உதவித் திட்டத்தையே புதுமைப்பெண் திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறார்கள். கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் படிப்புக்குப் போவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நம்ம உறுப்பினர் வீட்டு டிகிரிப் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில்தான் இருக்கிறார்கள். ஊரில் நாம் கடலை எண்ணெய் ஆட்டுகிறோம், முந்திரி உடைக்கிறோம், பூ கட்டுகிறோம். லேபிள் ஒட்ட, உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் எடுக்க, ஜிஎஸ்டி கட்ட டவுனில் ஒரு ஆளைத் தேடிக் காசு கொடுக்கிறோம். அந்த வேலையைத் தெரிந்த பிள்ளை நம்ம வீட்டிலேயே பிறந்தது, 300 கிலோமீட்டர் தள்ளி போன் உதிரிப்பாகம் பொருத்துகிறது. இந்த வருஷம் கூட்டமைப்பில் எண்ணெய் ஆட்டும் குழுக்களுக்குச் சேர்த்து ஒரு பொதுக் கணக்காளர் வேலை உருவாக்க வேண்டும், அதை உறுப்பினர் வீட்டுப் பெண்ணுக்கே கொடுக்க வேண்டும் என்று நான் தீர்மானம் கொண்டுவந்திருக்கிறேன். சம்பளம் அதிகம் என்று சிலர் சொல்கிறார்கள். டவுன் ஆளுக்கு இதுவரைக்கும் கொடுத்ததைக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்பதுதான் என் பதில். கூட்டத்தில் பேசுவோம்.

இன்னொன்றும் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் நம்ம மாவட்டத்துப் பெண்களின் எழுத்தறிவு சுமார் 69 சதவீதம். முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவித்து 19 வருஷம் கழித்து. இன்றைக்கும் நம்ம குழுக்களில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் படிக்கத் தெரியும் என்று சொல்ல முடியாது. தனியார் நிதி நிறுவனத்துக்காரர் நீட்டுகிற தாளில் வட்டி எந்த வரியில் இருக்கிறது என்று பார்க்காமலே அழகாகக் கையெழுத்துப் போடுகிறோம்.

போன வாரம் ரேஷன் கடையில் பார்த்ததைச் சொல்லி முடிக்கிறேன். அறிவொளியில் என்னிடம் படித்த அந்த 'பட்டா' அப்பத்தாவின் மகள் வரிசையில் நின்றது. அதற்கும் இப்போது அறுபதுக்கு மேல். அம்மாவும் மகளும் ஒரே பாயில் உட்கார்ந்து படித்தவர்கள். இப்போதுதான் எல்லாவற்றுக்கும் மறுபடி கைரேகை வந்துவிட்டதே. மெஷினில் கட்டை விரலை வைத்தது. ஏறவில்லை. துடைத்துத் துடைத்து நாலு தரம் வைத்தது. கல் உடைத்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? விற்பனையாளர் தம்பி, "அடுத்த விரலை வைங்க ஆத்தா" என்றது. அதுவும் ஏறவில்லை. அக்கா நிமிர்ந்து பார்த்து, "தம்பி, ஒரு பேனா குடுய்யா. நான் கையெழுத்துப் போடுவேன்" என்றது.

மெஷினில் அதற்கு இடம் இல்லை என்று தம்பி சொன்னது.